பேமென்ட் தளம் காசை மறிச்சு வச்சால் சட்டப்படி என்ன செய்யலாம்?

தங்கச்சி, உங்கட கேள்வியை முதல்ல சுருக்கமாச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன், இதே பிரச்சினையில நிக்கிற வேற ஆக்களும் வாசிப்பினம். கொக்குவில்ல இருந்து ஆரி வேலை செய்த பிளவுசும் பனை ஓலைச் சாமானும் ஒன்லைன்ல விக்கிறியள். இலங்கைக்குள்ள கார்ட் பேமென்ட் எடுக்கிற ஒரு கேட்வேயில 460,000 ரூபாய் நிக்குது, லண்டன்ல இருக்கிற உங்கட அண்ணாவின்ர பேரில திறந்த ஒரு வெளிநாட்டு எக்கவுண்டில 2,100 பவுண்ஸ் நிக்குது. ரெண்டு இடத்திலயும் "ரிவ்யூவில இருக்கு" எண்ட ஒரு பதிலைத் தவிர வேற ஒண்டும் வரேல்லை. பொலிசுக்குப் போறதோ, வழக்குப் போடுறதோ எண்டு கேட்டிருக்கிறியள்.

என்ர பதில் இதுதான்: பொலிஸ் இப்ப தேவையில்லை, வழக்கு கடைசியாப் பாக்கிற விசயம். அதுக்கு முதல் காசு சட்டப்படி யாரின்ர கையில இருக்குது, அவைக்கும் உங்களுக்கும் நடுவில என்ன ஒப்பந்தம் இருக்குது எண்டதைக் கண்டுபிடியுங்கோ. கனபேர் இதைச் செய்யாமல் கோபத்தில எங்கயாவது ஒரு முறைப்பாட்டைப் போட்டுட்டு, அது தங்கட வேலை இல்லை எண்டு திருப்பி அனுப்பினாப் பிறகு மனம் விட்டுப் போய்க் காசையும் விட்டுடுவினம். உங்கட ரெண்டு காசும் ஒரே பிரச்சினை மாதிரித் தெரிஞ்சாலும் சட்டத்தில ரெண்டும் ரெண்டு பாதை.

ஏன் மறிக்கினம் எண்டதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ, அது விளங்கினால்தான் எந்த இடத்தில சட்டம் உங்கட பக்கம் வரும் எண்டு தெரியும். கார்டால காசு கட்டின ஒராள் பிறகு தன்ர பாங்குக்குப் போய் "சாமான் வரேல்லை" எண்டோ "இது நான் செய்த பேமென்ட் இல்லை" எண்டோ சொன்னால் அந்தக் காசைத் திருப்பி எடுப்பினம், சார்ஜ்பாக் எண்டு சொல்லுறது. வீசா, மாஸ்டர்கார்ட்ல பொதுவா 120 நாள் வரைக்கும் அதுக்கு இடமிருக்கு, பேபால்ல வாங்கினவர் 180 நாளுக்குள்ள டிஸ்பியூட், அதாவது பிணக்கு, திறக்கலாம். அந்த நேரத்தில வித்தவரின்ர எக்கவுண்டில காசு இல்லாட்டி கேட்வேயும் அதுக்குப் பின்னால இருக்கிற பாங்கும்தான் கையில இருந்து கட்டவேணும். அந்தப் பயத்திலதான் எல்லா ஒப்பந்தத்திலயும் ஒரு தொகையை இத்தனை நாளுக்கு வச்சிருக்கலாம் எண்டு எழுதி வச்சிருக்கினம், 180 நாள் எண்ட கணக்கும் அங்க இருந்துதான் வருது. நீங்கள் திடீரெண்டு ஒரு மாதத்தில வழக்கத்தை விட நாலு மடங்கு வித்திருந்தாலோ, புது எக்கவுண்டா இருந்தாலோ, ரெண்டு மூண்டு முறைப்பாடு வந்திருந்தாலோ சிஸ்டம் தானாகவே மறிக்கும். தீபாவளி, நல்லூர்த் திருவிழா நேரம் கூட விக்கிற ஆக்களுக்கு இது வாறது அதாலதான்.

ஆனா மறிச்சு வைக்கிறது வேற, எடுத்துக்கொள்ளுறது வேற. ஒப்பந்தத்தில சொன்ன காலத்துக்கு, சொன்ன காரணத்துக்கு மறிச்சு வச்சால் கோர்ட்டுக்குப் போனாலும் பெரிசா ஒண்டும் நடக்காது, நீங்கள்தான் அதுக்குச் சம்மதிச்சு டிக் போட்டிருக்கிறியள். அந்தக் காலம் முடிஞ்சும் தராட்டி, அல்லது எந்த நிபந்தனையை மீறினனீங்கள் எண்டு சொல்லாமலே காசைத் தங்கட பக்கம் எடுத்தால், அல்லது 20,000 ரூபாய் டிஸ்பியூட்டுக்கு முழு 460,000ஐயும் முடக்கினால், அங்கதான் ஒப்பந்த மீறல் எண்ட கதை தொடங்குது. நீங்கள் இப்ப நிக்கிறது எந்த இடத்தில எண்டது உங்களுக்கே தெரியேல்லை, ஏனெண்டால் அவை காரணமும் சொல்லேல்லை திகதியும் சொல்லேல்லை. ஆகவே முதல் வேலை அதை எழுத்தில வாங்கிறது.

இன்னொரு வகை மறிப்பும் இருக்கு, அதைப் பற்றி ஆக்கள் கதைக்கிறது குறைவு. 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்துக்கு கீழ, சந்தேகமான பேமென்ட் எண்டால் பாங்கும் நிதி நிறுவனமும் மத்திய வங்கியின்ர நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிவிக்கவேணும், அறிவிச்சதை உங்களுக்குச் சொல்லவும் கூடாது, சொன்னால் அவைக்குக் குற்றம். அந்தப் பிரிவு ஒரு பேமென்டை 7 நாள் வரைக்கும் நிப்பாட்டச் சொல்லலாம், அதுக்கு மேல எண்டால் மேல் நீதிமன்றம் போகவேணும். கஸ்டமர் கெயார் பிள்ளை "காரணம் சொல்ல ஏலாது" எண்டு சொல்லுறது எப்பவும் திமிர் இல்லை, சில நேரம் உண்மையிலயே சொல்ல ஏலாது. அப்பிடி ஒரு கட்டளைதான் எண்டு தெரிய வந்தால் கேட்வேயோட சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை, உடன ஒரு லோயரைப் பிடிச்சுக் காசு எங்க இருந்து வந்தது எண்ட ஆதாரத்தோட மேல் நீதிமன்றப் பக்கம் பாக்கவேணும். ஆனா நீங்கள் சொன்னதைப் பாக்க, பிளவுஸ் விக்கிற எக்கவுண்டுக்கு இது வாறதுக்கான அறிகுறி ஒண்டும் எனக்குத் தெரியேல்லை.

இப்ப உள்ளூர்க் காசு. கேட்வே கொம்பனியின்ர பேர்தான் உங்களுக்குத் தெரியும், ஆனா அதுக்குப் பின்னால ஒரு பாங்க் இருக்குது, அக்குவயரிங் பாங்க் எண்டு சொல்லுவினம், கார்ட் காசு முதல்ல வந்து விழுறது அங்கதான். உங்கட மேர்ச்சன்ட் அக்ரிமென்டை எடுத்து அந்தப் பாங்கின்ர பேர் இருக்குதா, ரிசேர்வ், அதாவது மறிச்சு வைக்கிற காசு, எத்தனை நாள், எந்தக் காரணத்துக்கு, பிணக்கு வந்தால் எங்க தீர்க்கிறது எண்ட நாலையும் பாருங்கோ. அக்ரிமென்ட் கையில இல்லாட்டி நீங்கள் சைன் அப் செய்த நாளில வந்த ஈமெயிலுக்கு கீழ இருக்கும், இல்லாட்டி அவையிட்டயே கேளுங்கோ, நீங்களும் ஒரு தரப்பு, பிரதி தரத்தான் வேணும்.

அதுக்குப் பிறகு ஒரு கடிதம். சாட்டில "ஹலோ எப்ப காசு வரும்" எண்டு கேக்கிறதைக் கடிதம் எண்டு சொல்ல ஏலாது. முறைப்பாடு எண்டு தலைப்புப் போட்டு, எந்தத் திகதியில இருந்து எவ்வளவு நிக்குது, ஒப்பந்தத்தின்ர எந்தப் பிரிவுக்கு கீழ மறிச்சிருக்கினம், எந்த ஓடர்களில பிரச்சினை எண்டு நினைக்கினம், எந்தத் திகதியில விடுவினம், பிரச்சினை இல்லாத ஓடர்களின்ர காசை இப்பவே ஏன் தர ஏலாது எண்டு கேட்டு, 14 நாள் தவணை குடுத்து, ஈமெயிலிலயும் பதிவுத் தபாலிலயும் அனுப்புங்கோ, அக்குவயரிங் பாங்குக்கும் ஒரு பிரதி போகவேணும். அந்தப் பிரதியிலதான் விசயமே இருக்கு. கேட்வேக்கு நீங்கள் ஆயிரத்தில ஒரு கடை, ஆனா பாங்குக்கு மத்திய வங்கி மேல நிக்குது. கடிதத்தோட ஓடர் லிஸ்டும் கூரியர் ட்ராக்கிங் நம்பரும் சாமான் கிடைச்சது எண்டு வாங்கினவர் அனுப்பின மெசேஜும் இணையுங்கோ, என்ர அனுபவத்தில கனக்க கேஸ் இந்த இடத்திலயே முடிஞ்சு காசு வந்திடும்.

அதுக்கும் அசையாட்டி மத்திய வங்கியின்ர நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 1935 எண்ட நம்பருக்கு அடிச்சு விபரம் கேக்கலாம், ஆனா முறைப்பாட்டை எழுத்தில குடுக்கிறதுதான் பலம். தமிழிலயே எழுதுங்கோ, அது உங்கட உரிமை, இங்கிலிஷ் தெரியாதெண்டு யாருக்கும் காசு குடுத்து எழுதுவிக்கத் தேவையில்லை. வடக்கில மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியில பிராந்திய அலுவலகம் இருக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. நிறுவனத்திட்ட முதல் முறைப்பாடு செய்தனீங்களோ எண்டுதான் முதல் கேள்வி வரும், மேல சொன்ன கடிதம் அப்பதான் உதவும். அவை மேற்பார்வை செய்யிறது பாங்கையும் அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனங்களையும், ஆகவே முறைப்பாட்டில கேட்வேயை மட்டும் எழுதாமல் பாங்கின்ர பேரையும் போடுங்கோ. பாங்க் சம்பந்தப்பட்டதெண்டால் நிதி ஒம்புட்ஸ்மன் எண்ட குறைகேள் அதிகாரியிட்டயும் இலவசமாப் போகலாம், ஆனா கோர்ட்டில வழக்குப் போட்டாப் பிறகு அந்தக் கதவு பூட்டிடும், இதாலயும்தான் வழக்கை அவசரப்பட்டுப் போடாதேங்கோ எண்டு சொல்லுறன். நுகர்வோர் அதிகாரசபையின்ர 1977 நம்பருக்கு அடிக்கச் சொல்லி உங்களுக்கு ஆரோ சொல்லியிருக்கினம், அது சாமான் வாங்கி ஏமாந்த ஆக்களுக்கு நல்ல இடம், உங்கட விசயத்துக்கு மத்திய வங்கிப் பக்கம்தான் பொருத்தம்.

இனி வழக்கு. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்ர 9ஆம் பிரிவுப்படி எதிராளி இருக்கிற இடத்தில மட்டுமில்லை, வழக்கெழு காரணம், அதாவது வழக்குக்குக் காரணமான விசயம், எழுந்த இடத்திலயோ ஒப்பந்தம் செய்த இடத்திலயோ கூட வழக்கு வைக்கலாம், ஆகவே யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்திலயே வைக்க இடமிருக்கோ எண்டு உங்கட லோயர் பாப்பார். ஆனா ரெண்டு தடை இருக்கு. ஒண்டு, தொகை ஒரு எல்லைக்குக் கீழ எண்டால் முதல்ல மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கம் வரேல்லை எண்ட சான்றிதழ் எடுத்துக்கொண்டுதான் கோர்ட்டுக்குப் போகலாம், உங்கட தொகைக்கு இது வரும் எண்டு வச்சே யோசியுங்கோ. இதைத் தொல்லையா நினைக்காதேங்கோ, செலவில்லாத இடம், ஒரு கொம்பனிக்கு யாழ்ப்பாணத்து மத்தியஸ்த சபையில இருந்து அழைப்புப் போனால் அங்க கடிதத்தைத் திறந்து பாக்கிற ஆளே வேற ஆளா இருக்கும். மற்றது, ஒப்பந்தத்தில நடுத்தீர்ப்பு, அதான் கோர்ட்டுக்குப் பதிலா ஒரு நடுவர் தீர்க்கிற ஆபிட்ரேசன் எண்டு எழுதியிருந்தால் 1995ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்ர 5ஆம் பிரிவுப்படி மற்றப் பக்கம் ஆட்சேபிச்ச உடன கோர்ட்டுக்கு அந்த வழக்கைக் கேக்கிற அதிகாரம் இல்லாமல் போயிடும். 460,000 ரூபாய்க்குக் கொழும்பில ஆபிட்ரேசன் நடத்தினால் செலவு வரவைத் தின்னும்.

கோர்ட்டில உங்களுக்குக் கைகுடுக்கிற சட்டங்களும் இருக்கு. 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி ஒன்லைன்ல டிக் போட்டுச் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், ஈமெயிலும் சாட்சியம்தான், "பேப்பரில சைன் இல்லையே" எண்டு நீங்கள் பயப்படத் தேவையில்லை, அவையும் அப்பிடிச் சொல்லித் தப்ப ஏலாது. 1997ஆம் ஆண்டு 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, ஒரு பக்கம் மட்டும் எழுதி நீட்டின ஒப்பந்தத்தில இருக்கிற அநியாயமான விலக்குகளை அதை வச்சுக் கேள்வி கேக்கலாம், "எங்கட விருப்பப்படி எந்தக் காரணமும் இல்லாமல் எவ்வளவு காலமும்" எண்ட மாதிரி வசனம் இருந்தால் லோயரிட்ட இந்தச் சட்டத்தை ஞாபகப்படுத்துங்கோ. காலாவதிச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருசம், எழுத்தில இல்லாததுக்கு 3 வருசம், ஆகவே நாளைக்கே வழக்குப் போடாட்டி காசு போயிடும் எண்டு ஆராவது வெருட்டினால் நம்பாதேங்கோ. லோயருக்குக் குடுக்கக் காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, வருமானத்தைப் பாத்து உதவி செய்வினம்.

லண்டன் காசு இன்னும் கொஞ்சம் சிக்கல், ஆனா சட்டப் பாதுகாப்பு உண்மையில அங்கதான் கூட. முதல் விசயம், அந்த எக்கவுண்டில நீங்கள் இல்லை. உழைச்சது நீங்களா இருக்கலாம், ஆனா ஒப்பந்தம் உங்கட அண்ணாவுக்கும் அவைக்கும் நடுவில, ஆகவே நீங்கள் இங்க இருந்து எத்தினை ஈமெயில் போட்டாலும் அவைக்கு நீங்கள் ஒரு மூண்டாம் ஆள். எல்லாத்தையும் அண்ணாதான் செய்யவேணும். அவர் "கொம்ப்ளெயின்ட்" எண்டு தெளிவாச் சொல்லி எழுதினால், அங்கத்தைய 2017ஆம் ஆண்டு பேமென்ட் விதிகளின்படி 15 வேலை நாளுக்குள்ள இறுதிப் பதில் குடுக்கவேணும், விசேச காரணம் இருந்தால் 35 வேலை நாள். பதில் சரியில்லாட்டி அல்லது வராட்டி அங்க இருக்கிற பினான்சியல் ஒம்புட்ஸ்மன் சேர்விசுக்கு இலவசமாப் போகலாம், இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள்ள போகவேணும், இந்தத் தவணையை மட்டும் தவற விட்டிடாதேங்கோ. 10 பேருக்குக் குறைஞ்ச சின்ன வியாபாரங்களும் அங்க முறைப்பாடு செய்யலாம். பேபாலை உதாரணமா எடுத்தால், லண்டன்ல திறந்த எக்கவுண்டுகள் 2023 நவம்பர்ல இருந்து பேபால் யூகே எண்ட அந்த நாட்டுக் கொம்பனிக்கு கீழ, அது அங்கத்தைய நிதி ஒழுங்குபடுத்தும் அமைப்பான எப்சிஏக்கு கீழ. அதோட, தன்னைப் பற்றி அவை வச்சிருக்கிற தகவல் எல்லாத்தையும் தரச்சொல்லித் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில அண்ணா கேட்டால் ஒரு மாதத்தில குடுக்கவேணும், "ரிவ்யூ" எண்டு மட்டும் சொன்னவையின்ர உள் குறிப்பில என்ன எழுதியிருக்கு எண்டு கனநேரம் அதில தெரிய வரும். கடைசியா, இங்கிலாந்தில 10,000 பவுண்ஸ் வரைக்கும் ஸ்மோல் கிளெய்ம், அதாவது சின்னத் தொகை வழக்கு, லோயர் இல்லாமலே ஒன்லைன்ல போடலாம்.

ஆனா ஒரு கஷ்டமான உண்மையும் சொல்லத்தான் வேணும். ஒராளின்ர எக்கவுண்டை இன்னொராளின்ர வியாபாரத்துக்குப் பாவிக்கிறது அநேகமா எல்லாத் தளத்தின்ர நிபந்தனைக்கும் மாறு, மறிச்சதுக்குக் காரணமே அதுவா இருக்கலாம். லண்டன்ல லொகின், யாழ்ப்பாணத்தில லொகின், சாமான் போறது இங்க இருந்து, இன்வொய்ஸ் அண்ணாவின்ர பேரில எண்டால் சிஸ்டத்துக்கு அது திருட்டு எக்கவுண்ட் மாதிரித்தான் தெரியும். இந்த நேரத்தில பொய் இன்வொய்ஸ் செய்து குடுக்கச் சொல்லி ஆராவது ஐடியா தருவினம், தயவு செய்து செய்யாதேங்கோ, நிபந்தனை மீறல் எண்ட சின்ன விசயம் மோசடி எண்டு மாறி, ஒம்புட்ஸ்மனும் கைவிட்டிடுவார். தங்கச்சி செய்யிற சாமானை நான் விக்கிறன், இது அதின்ர கணக்கு எண்டு அண்ணா உள்ளதை உள்ளபடி சொல்லுறதுதான் நல்லது. அந்தக் காசு அங்கத்தைய வரிக் கணக்கில அண்ணாவின்ர வருமானமாத் தெரியும் எண்டதையும் அவரோட கதையுங்கோ, அவருக்குப் பிரச்சினை வரக்கூடாது.

இங்க இருந்து சாமான் வெளிநாட்டுக்குப் போனால் இன்னொண்டும் இருக்கு. ஏற்றுமதிக் காசு சாமான் அனுப்பி 180 நாளுக்குள்ள இலங்கைக்கு வரவேணும் எண்டு மத்திய வங்கி விதி. தளமும் 180 நாள் மறிக்குது, சட்டமும் 180 நாள் தருது, ரெண்டும் மோதினால் நடுவில நிக்கிறது நீங்கள். ஆகவே காசு இந்தக் காரணத்தால நிக்குது எண்டு உங்கட பாங்குக்கு இப்பவே எழுத்தில அறிவிச்சு, தளத்தின்ர ஈமெயிலையும் இணைச்சு, பிரதியில சீல் அடிச்சு வாங்குங்கோ.

அமெரிக்காவில கொம்பனி பதிஞ்சு அங்கத்தைய எக்கவுண்ட் வச்சிருக்கிற எங்கட பெடியளுக்கும் ரெண்டு வசனம். அங்க 2002இல கலிபோர்னியா பெடரல் கோர்ட் ஒண்டு பேபாலின்ர ஆபிட்ரேசன் நிபந்தனை அநியாயமானது எண்டு ஏற்க மறுத்தது, எக்கவுண்டை முடக்கின விசயத்தில வந்த வழக்குத்தான் அது, 2004இல 9.25 மில்லியன் டொலருக்குச் சமரசம் ஆச்சு. அதைக் காட்டி நம்பிக்கை குடுக்கிற ஆக்கள் 2011இல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆபிட்ரேசன் நிபந்தனைகளுக்குச் சாதகமாத் தீர்ப்புக் குடுத்ததைச் சொல்லுறேல்லை, அதுக்குப் பிறகு கூட்டு வழக்கு எண்டது கஷ்டம். பேபாலின்ர அமெரிக்க ஒப்பந்தத்தில ஸ்மோல் கிளெய்ம் கோர்ட்டுக்கு இடமிருக்கு, புதுசா எக்கவுண்ட் திறக்கிற ஆள் 30 நாளுக்குள்ள தபாலில எழுதி ஆபிட்ரேசன்ல இருந்து விலகவும் இடமிருக்கு, இதை ஒருத்தரும் செய்யிறேல்லை, செய்யுங்கோ. தடை செய்த சாமான் வித்தால் ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 டொலர் எடுக்கலாம் எண்டும் அதிலயே இருக்கு, அந்த லிஸ்டை வாசிக்காமல் ஆயுர்வேத மருந்து, மூலிகை எண்டு விக்கிறதுக்கு முதல் ஒருக்கா யோசியுங்கோ.

தமிழ்நாட்டு ஆக்கள் போடுற வீடியோவைப் பாத்து இந்திய ரிசேர்வ் பாங்க், எஸ்க்ரோ எக்கவுண்ட் எண்ட தனிக் காப்புக் கணக்கு, இந்திய ஒம்புட்ஸ்மன் எண்டு நம்மட ஆக்கள் முறைப்பாடு எழுதுறதையும் காணுறன். அது 2020இல அங்க வந்த ஒழுங்கு, நல்ல ஒழுங்கு, ஆனா இங்க அது செல்லாது, கடிதத்தில அதை எழுதினால் உங்களுக்குச் சட்டம் தெரியாது எண்டு அவைக்கு விளங்கிடும். கூரியர்காரர் சிஓடி காசை, அதாவது சாமானைக் குடுக்கேக்க வாங்கிற காசை, மறிக்கிறதும் இதே மாதிரிப் பிரச்சினைதான், ஆனா கூரியர் கொம்பனிக்கு மத்திய வங்கி மேற்பார்வை இல்லை, அங்க நேரா லோயரின்ர கடிதம், மத்தியஸ்த சபை, கோர்ட்.

பொலிஸ் ஏன் வேண்டாம் எண்டால், ஒரு கொம்பனி உங்கட காசு தன்னட்ட இருக்கு எண்டு ஒத்துக்கொண்டு எப்ப தாறது எண்டதில மட்டும் இழுபறிப்பட்டால் அது சிவில் விசயம் எண்டு சொல்லி அனுப்பிடுவினம். ஒவ்வீசைப் பூட்டிட்டு ஆள் தலைமறைவு எண்டால், அல்லது உங்கட காசை வேற ஆளுக்கு மாத்தியிருந்தால், அப்ப குற்றவியல் நம்பிக்கை மோசடி எண்டு போகலாம். அதோட "காசை எடுத்துத் தாறம், முதல் 15,000 கட்டுங்கோ" எண்டு இன்பொக்சுக்கு வாற ஆக்களுக்குப் பதிலே போடாதேங்கோ. மறிச்ச எக்கவுண்ட் இருக்கேக்க வேற பேரில இன்னொண்டு திறக்கவும் வேண்டாம், ரெண்டையும் இணைச்சுப் பிடிச்சு ரெண்டையும் பூட்டுவினம். பாங்குகள் கார்ட் வசதியை நிப்பாட்டின வியாபாரங்களைப் போடுற மாஸ்டர்கார்டின்ர மேட்ச் எண்ட பட்டியலில பேர் ஏறினால் 5 வருசத்துக்கு நிக்கும், உலகத்தில எந்த அக்குவயரிங் பாங்கும் உங்களை எடுக்க யோசிக்கும்.

இண்டைக்கு இரவே செய்யவேண்டியது, ரெண்டு எக்கவுண்டிலயும் லொகின் வேலை செய்யேக்கயே ட்ரான்ஸாக்சன் லிஸ்ட் முழுக்க டவுன்லோட் பண்ணுங்கோ, பலன்ஸ் தெரியிற பக்கத்தைத் திகதியோட ஸ்க்ரீன்ஷொட் எடுங்கோ, ஈமெயில்களை அழிக்காமல் தனி போல்டரில போடுங்கோ, எக்கவுண்டைப் பூட்டினாப் பிறகு இதுகள் கிடைக்காது. நாளைக்கு அக்ரிமென்டைத் தேடி எடுத்து ரிசேர்வ் பற்றின பிரிவையும் பிணக்குத் தீர்க்கிற பிரிவையும் இதுக்கு கீழ எழுதுங்கோ, பேர், எக்கவுண்ட் நம்பர் ஒண்டும் போடாமல். அதைப் பாத்துட்டு கேட்வேக்குப் போற கடிதத்தின்ர வசனத்தை நான் தமிழில எழுதித் தாறன், அண்ணாவின்ர கொம்ப்ளெயின்டை அவர் வேற, தனியா எழுதவேணும்.